கம்பி கற்பித்த பாடம்

'மாலுமி' என்னும் சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எமக்குள் ஒரு சிறு பெருமிதம் தோன்றுவதுண்டு. 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல் கடல்வழியே நம் கரைக்கு வந்து, தமிழில் மாலுமி என உருக்கொண்டது. அரபு மொழியில் அச்சொல்லுக்குக் கற்பிப்பவர், ஆசிரியர் என்பதே பொருள். கலத்துக்கு வழிகாட்டுபவரை மீகாமன் என்றும் நீகான் என்றும் வழங்கிய பழந்தமிழ், பின்னாளில் அவரை ஆசிரியர் என்னும் பொருள்பட அழைக்கவும் இடம் தந்தது. இதனைக் கரும்பலகையில் எழுதிக்காட்டி, "ஆகவே மாணவர்களே, ஆசிரியரும் மாலுமியும் ஒருவரே" என்று பாடத்தை முடிப்பது எம் வழக்கம். பல்லாண்டுகள் இவ்வாறு முடித்துவந்த எம்மை, ஒரு முழ நீளமுள்ள மின்கம்பி மாணவர் இருக்கையில் கொண்டுபோய் அமர்த்தியது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

எம் ஊர் கீழவாஞ்சூர், காரைக்காலின் தென்கோடி. எல்லைச் சாவடியைத் தாண்டி நடந்தால் நாகூர் வந்துவிடும். புதுச்சேரி ஒன்றியப் பகுதி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். தரையில் எல்லைக்குச் சாவடியும் பெயர்ப்பலகையும் உண்டு. கிழக்கே கடலில் அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்பாடுகளின்படி வகுக்கப்பட்ட கடல் எல்லைக்கோடு, கருவியின் திரையில் மட்டுமே கண்ணுக்குப் புலனாகும். அக்கோட்டை அறியாமல் கடந்து, சிறைப்பட்டுத் திரும்பியோர் எம் கடற்கரை ஊர்களில் பலர். தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அறிவது எம் பகுதி மீனவர்க்கு வாழ்க்கைச் சிக்கல் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எம் பாட்டனார் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் சென்ற கப்பல்களில் பணி செய்தவர். கரை நெருங்கும்போது முதலில் தெரிவது நாகூரின் பெரிய மினாராதான் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 131 அடி உயரமுள்ள அம்மினாராவைத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் கட்டுவித்தார். கரையிலுள்ள பனந்தோப்பும் மினாராவும் ஒரே நேர்க்கோட்டில் வரும் இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு வலைவிடும் வழக்கம் இங்குண்டு. அதற்கும் முற்பட்ட காலத்தில், சோழமண்டலக் கரை மாலுமிகள் இராப்பலகை என்னும் கருவியைக் கையாண்டனர். அரபு மாலுமிகள் அதே வகைக் கருவியைக் கமால் என்றனர். ஒரு சிறு பலகை. அதன் நடுவே கோத்த கயிறு. கயிற்றில் சில முடிச்சுகள். முடிச்சைப் பல்லால் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ மீனிலும் பொருத்தினால், எந்த முடிச்சில் அது அமைகிறதோ அதுவே கலம் நிற்கும் அகலாங்கைச் சொல்லிவிடும். அக்கருவிக்கு மின்சாரம் வேண்டியிருக்கவில்லை. கயிறு இற்றுப்போகாமலும் முடிச்சு நெகிழாமலும் பார்த்துக்கொண்டால் போதும். இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் எம் கரையில் கட்டுமரங்கள் குறைந்து பைபர் படகுகள் பெருகின. 2009இல் கீழவாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பட்டினச்சேரியிலும் வாஞ்சூரிலும் இரவில் வலைவிட்டு மிதக்கும் சிறு படகுகளும், நிலக்கரி சுமந்துவரும் பெருங்கப்பல்களும் ஒரே நீர்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்ளும் காலம் வந்தது. கண்ணாடியிழையாலான படகு ராடார் அலைகளை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். அலைகள் எழும் கடலில் கப்பலின் ராடார் திரையில் அது தெரியாமற்போவது இயல்பு. படகிலிருப்போர் கப்பலைக் காண்பர். கப்பலிலிருப்போர் படகைக் காணார். இடர் இங்கேதான் தொடங்குகிறது.

எம் வகுப்பில் இரண்டாமாண்டு பயின்ற மாணவர் ஒருவர் முதல் பாடவேளையில் நாள்தோறும் உறங்கிவிழுவார். ஒருநாள் எழுப்பிக் கடிந்துரைத்தோம். அவர் தலைகுனிந்து, "ராத்திரி அப்பாகூடக் கடலுக்குப் போய்ட்டு விடியக்காலைலதான் சார் வந்தேன்" என்றார். உடன் சென்றுகொண்டிருந்த சித்தப்பா கேரளத்துக்கு வேலைக்குப் போய்விட்டதால், படகில் இரண்டாம் ஆளாக இவரே போகவேண்டிய நிலை. அண்மையில் ஒரு கப்பல் வெகு அருகே கடந்து சென்றதையும் அவரே சொன்னார். எமக்கு நாணமாயிற்று. அவ்வாண்டு பெருநாள் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த பழைய மாணவர் சிலரிடம் இதனைக் கூறினோம். அவர்கள் மனமுவந்து பொருள் தந்தனர். அப்படகுக்கு ஏ.ஐ.எஸ். எனப்படும் தன்னடையாளக் கருவியும், அதனோடு இணையும் ஜி.பி.எஸ். திரையும் வாங்கினோம்.

அக்கருவி செய்வது இதுதான். தன் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலைவழியே அது அறிவித்துக்கொண்டே இருக்கும். பிற கலங்கள் அறிவிப்பவற்றைக் கேட்டுத் திரையில் காட்டும். பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் இதனைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. சிறு கலங்களுக்கென்று ஆற்றல் குறைந்த 'பி' வகுப்புக் கருவி உண்டு. ஒவ்வொரு கலத்துக்கும் ஒன்பது இலக்க அடையாள எண் வேண்டும். இந்தியக் கலங்களுக்கு அது 419 எனத் தொடங்கும். அதற்குரிய அனுமதியை முறைப்படி பெற்றோம்.

பொருத்தவந்தவர் படகைப் பார்த்துவிட்டு, "இந்த பேட்டரி விளக்குக்கும் ஒயர்லெஸ்ஸுக்குமே பத்தாது. தனி பேட்டரி, தடிச்ச ஒயர், தனித்தனி பியூஸ் போட்டாத்தான் நல்லது. இன்னும் கொஞ்சம் செலவாகும்" என்றார். எம்மிடம் பணம் தீர்ந்திருந்தது. "இப்போதைக்கு இருப்பதிலேயே இணைத்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவர் யாமே. அவரும் விளக்குக்குச் சென்ற பழைய கம்பியைச் சுரண்டி, புதிய கம்பியை அதில் முறுக்கி, நாடா சுற்றிக் கொடுத்தார். கரையில் சிறு விழா நடந்தது. பெரியோர்கள் வாழ்த்திப் பேசினர், நிழற்படம் எடுத்துக்கொண்டோம். அந்த விழாவுக்கு அச்சிட்ட பதாகைக்கும் சிற்றுண்டிக்கும் ஆன செலவில் பாதி இருந்திருந்தால் அந்த மின்கலத்தையும் கம்பியையும் வாங்கியிருக்கலாம். இதனை அன்று எண்ணிப் பார்த்தோமில்லை.

அதன்பின் இரவுதோறும் உறங்கப்போகுமுன் கைப்பேசியில் கலங்களின் இருப்பிடம் காட்டும் செயலியைத் திறந்து, அப்படகுக்குரிய புள்ளியைக் கண்டு மகிழ்வோம். தை மாதத்தில் ஓர் இரவு. வீதியில் விளக்குக் கம்பமே தெரியாத அளவுக்கு மூடுபனி. பின்னிரவு ஒரு மணியளவில் விழிப்பு வந்து பார்த்தபோது புள்ளி இல்லை. 'கைப்பேசியில் இணைப்புச் சரியில்லை போலும்' என்று எண்ணி மீண்டும் உறங்கிவிட்டோம். அந்த உறக்கத்தை நினைத்தால் இன்றும் எமக்கு நெஞ்சம் கூசுகிறது.

நிகழ்ந்ததை மறுநாள் மாணவர் கூறினார். மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, வலைவிட்டு, இயந்திரத்தை நிறுத்தி நீவாட்டின் போக்கில் மிதந்திருக்கின்றனர். நள்ளிரவுக்குப் பின் விளக்கு மங்கியது. தொலைவில் கப்பலின் ஊதொலி கேட்டு, தந்தையார் வானொலியில் பேச விசையை அழுத்தினார். அழுத்தியவுடன் ஜி.பி.எஸ். திரை அணைந்தது, விட்டதும் எழுந்தது, மீண்டும் அழுத்தியதும் அணைந்தது. மூன்றாம் முறை அணைந்தபின் எதுவுமே எழவில்லை. கப்பலின் அதிர்வொலி நெருங்கிவர, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பனியில் தெரியவில்லை. மகன் கைவிளக்கை ஆட்டியபடி கூவ, தந்தை வலையை அறுத்துவிட்டு இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார். நான்காம் இழுப்பில்தான் அது உயிர்பெற்றது. சற்று நேரத்தில், அவர்கள் முன்பு மிதந்த இடத்துக்கு அருகே கப்பல் கடந்து போயிற்று. எந்தத் துறைக்குச் சென்ற கப்பலோ, யாரறிவார்? அதிலிருந்தோர் இவர்களை அறிந்திருக்கவே வழியில்லை. விடிந்தபின் தேடியும் வலையில் பாதியே கிடைத்தது.

செய்தி கேட்டுக் கரைக்கு ஓடினோம். தந்தையார் எம்மைக் குறைகூறவில்லை. முறுக்கிச் சுற்றியிருந்த இணைப்பைப் பிரித்து, அந்தக் கம்பித் துண்டை எம் உள்ளங்கையில் வைத்தார். செம்பு பச்சையாய்ப் பூத்து, தொட்டால் உதிர்ந்தது. "வாத்தியாரே, கருவி பொய் சொல்லலே. அதுக்குச் சோறு போற வழிதான் அடைச்சுப் போச்சு" என்றார்.

அன்று முதல் யாம் மாணவரானோம். அம்மாணவரும், தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி பயின்ற அவருடைய நண்பரும் எமக்கு ஆசிரியராயினர். மூவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டோம். திரை 0.6 ஆம்பியர், அடையாளக் கருவி 0.3, கேட்கும் நிலையில் வானொலி 0.4, விளக்குகள் 0.7. ஆகமொத்தம் 2 ஆம்பியர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி வேண்டும். படகிலிருந்த மின்கலமோ 35 ஆம்பியர்-மணியுடையது. ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குன்றும். எனவே நம்பத்தக்க அளவு பதினேழரையே. மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது, இரவு ஒரு மணிக்கு அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. புள்ளி மறைந்த நேரமும் அதுவே! கணக்கு அன்றே எழுதப்பட்டிருந்தது. படிக்கத்தான் எமக்குத் தெரியவில்லை.

அடுத்து, விசையை அழுத்தியபோது திரை அணைந்ததற்குக் காரணம் கண்டோம். கேட்கும்போது சிறிதளவே மின்சாரம் உண்ணும் 25 வாட் வானொலி, பேசும்போது ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். மின்கலத்திலிருந்து கருவிவரை 5 மீட்டர். போகவும் வரவுமாகக் கம்பியின் நீளம் 10 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய கம்பியில் 6 ஆம்பியர் ஓடினால், வழியிலேயே ஒரு வோல்ட் தேய்ந்துபோகும். பச்சைபூத்த இணைப்பில் மேலும் ஒரு வோல்ட் போகும். களைத்த மின்கலம் 11.8 வோல்ட் தந்தாலும், அதே கம்பியில் உண்ணும் திரைக்கு எஞ்சுவது 10 வோல்ட்டுக்கும் குறைவே. அந்நிலையில் பல கருவிகள் அணைந்து எழும். கம்பியின் பருமனை 4 சதுர மில்லிமீட்டராக்கினால் அதே தூரத்தில் கால் வோல்ட்டே இழப்பு.

எஞ்சிய பாடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மின்கலத்தின் நேர்முனைக்கு மிக அருகில் உருகியைப் பொருத்தவேண்டும். உருகி கருவியைக் காப்பதற்கு என்று எண்ணியிருந்தோம். அது முதன்மையாகக் கம்பியைத் தீயிலிருந்து காப்பது. கருவி ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பியும் தனி உருகியும் இருந்தால், ஒன்று பழுதானாலும் மற்றவை வாழும். கடலுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக்கம்பியே ஏற்றது. கையால் முறுக்காமல், முனையத்தில் இறுக அழுத்திப் பொருத்தி, உப்புநீர் புகாதபடி மூடவேண்டும். மின்சாரம் செல்லும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுசெல்லவேண்டும். இல்லையேல் அருகிலுள்ள திசைகாட்டியின் முள் திரியும்.

கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறும் கம்பிகளில் எம் மொழியாசிரிய மனம் மிகவும் தோய்ந்தது. அவ்விணைப்பு முறையில் செய்தி அனுப்பும் முனையைப் 'பேசுவது' என்றும் பெறும் முனையைக் 'கேட்பது' என்றும் வழங்குகின்றனர். ஒன்றன் வாயை மற்றொன்றின் செவியோடு இணைக்கவேண்டும். வாயை வாயோடு இணைத்தால் இரண்டும் பேசிக்கொண்டேயிருக்கும், கேட்பார் இரார். இருவரும் ஒரே வேகத்தில் பேசவும் வேண்டும். ஒரு கருவி நொடிக்கு 4,800 துடிப்பும் மற்றது 38,400 துடிப்புமாக இருந்தால் கம்பி சரியாக இருந்தும் பொருள் விளங்காது. நம் வகுப்பறைகளுக்கும் இது பொருந்தாதா என்று ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இக்கணக்கு கடலுக்கு மட்டும் உரியதன்று. கிளைடர் எனப்படும் இயந்திரமற்ற வானூர்தி, மேலெழும் காற்றை நம்பியே பறக்கிறது. மின்சாரம் உண்டாக்க அதில் இயந்திரம் இல்லை. தரையில் மின்னேற்றிய ஒரு சிறு மின்கலமே வழிகாட்டும் கருவிக்கும் வானொலிக்கும் உணவு. அத்தகைய வானூர்திகள் ஓசையின்றி ஒரே காற்றுச்சுழலில் வட்டமிடும்போது மோதிக்கொள்வதுண்டு. அதனைத் தவிர்க்க 2004இல் சுவிட்சர்லாந்தில் பிளார்ம் என்னும் கருவி வந்தது. அதுவும் தன் இடத்தையும் செல்லவிருக்கும் பாதையையும் அறிவித்து, பிறர் அறிவிப்பதைக் கேட்டு, மோதல் நேரக்கூடுமாயின் சில நொடிகள் முன்னதாக எச்சரிக்கும். வலைவிட்டு இயந்திரத்தை நிறுத்திய பைபர் படகும் கிளைடரும் இவ்வகையில் உடன்பிறப்புகள்: இரண்டிலும் மின்கலம் வற்றினால், கலம் பிறர் கண்ணுக்கு இல்லாததாகிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மின்சாரம் குறைவின்றி இருந்தாலும் கருவி முழுக்காவல் ஆகாது. 'பி' வகுப்பில் பரவலாக வழங்கும் வகை, படகு 2 நாட்டுக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும்போது 30 நொடிக்கு ஒருமுறை அறிவிக்கும். மிதந்து கிடக்கும்போது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான். 12 நாட் வேகத்தில் வரும் கப்பல் மூன்று நிமிடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஓர் அறிவிப்புத் தவறினால் இரண்டு கிலோமீட்டர். எனவேதான் 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளில் ஐந்தாம் விதி, கண்ணாலும் செவியாலும் கிடைக்கும் எல்லா வழிகளாலும் இடையறாது காவல் பார்க்கவேண்டும் என்கிறது. முதலில் வைக்கப்பட்டவை கண்ணும் செவியுமே.

யாம் செய்த பிழைக்கு ஈடாக, எம் ஊதியத்திலிருந்து 60 ஆம்பியர்-மணி மின்கலமும் தகுந்த கம்பியும் வாங்கித் தந்தோம். இணைத்தவர்கள் அவ்விரு இளைஞர்களே. இம்முறை பதாகை இல்லை. மாணவர் கம்பிகள் ஒவ்வொன்றிலும் சிறு தாள் ஒட்டி, அது எதற்குரியது என்று தமிழில் எழுதினார். 'விளக்கு', 'வானொலி', 'திரை', 'அடையாளம்' என்று அழகிய கையெழுத்தில் அவை அமைந்திருந்தன. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்பதில் எமக்குச் சற்று ஆறுதல்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள்வழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் தேசியத் திட்டம் மகாராட்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. இருவழியிலும் செய்தி அனுப்ப வல்ல அக்கருவிகள் கரையெங்கும் பெருகட்டும். அவற்றுக்குத் துணைநிற்க விரும்பும் நம் சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள்: கருவியை வழங்கும்போது கம்பிக்கும் மின்கலத்துக்கும் ஆண்டுதோறும் அதனைப் பழுதுபார்ப்பதற்கும் சேர்த்தே வழங்குங்கள். படகுக்குக் கருவி தரும்போது மட்டுமன்று, பள்ளிக்குக் கணினி தரும்போதும் நூலகத்துக்கு நூல் தரும்போதும் இது பொருந்தும். இராப்பலகை தந்த நம் முன்னோர் கயிற்றையும் சேர்த்தே தந்தனர்.

அம்மாணவர் பட்டம் பெற்றுவிட்டார். இப்போதும் மாலையில் கரைப்பக்கம் செல்லும்போது, புறப்படுமுன் அவருடைய தந்தையார் மின்கலத்தில் அளவி முனைகளை வைத்துப் பார்ப்பதைக் காண்கிறோம். "பன்னெண்டே முக்காலுக்குக் கிட்ட இருக்கு, வாத்தியாரே" என்று எம்மிடம் உரக்கச் சொல்வார், வகுப்பில் வருகை சொல்வதைப்போல. வகுப்பில் மாலுமி என்னும் சொல்லை இன்றும் விளக்குகிறோம். ஆனால் "ஆசிரியரும் மாலுமியும் ஒருவரே" என்று முடிப்பதில்லை. அக்கம்பித் துண்டை மேசைமேல் வைத்து, "இது எமக்குக் கற்பித்தது" என்று தொடங்குகிறோம்.